நாற்பத்தொன்றாவது கேள்வி

டிசம்பர் 9, செவ்வாய்

ஜெகதீசன் சார் இன்று டீம் முழுவதையும் உட்காரவைத்து, இனிமேல் சர்டிபிகேட் இல்லாத யாரும் ஆர்க்கிடெக்டாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு வேலை கொடுக்கிற மருந்து கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்களாம். மூன்று தேர்வு, கடைசியில் ஒரு நேர்காணல். மார்ச் முடிவதற்குள் தேறாதவர்கள் புராஜெக்டை விட்டு இறங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் கட்டும்போது எது எங்கே இருக்க வேண்டும், எது எதோடு பேச வேண்டும் என்று திட்டம் போடுகிறவருக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயர். அந்தப் பெயர் இல்லாமலே பதினோரு வருஷமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்த மருந்து விநியோக சிஸ்டத்தை அடியிலிருந்து கட்டியது நான். ஈரோட்டில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஆர்டர் போட்டால், அது குடோனுக்குப் போய், வண்டி ஏறி, அவர் கடையில் இறங்குகிற வரைக்கும் எங்கே என்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதைக் கட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இப்போது எனக்கே பரீட்சை. நாற்பத்து மூன்று வயசில். நல்ல கூத்து.

"படிக்கறத தினமும் குறிச்சு வைங்க கோகிலா, ஒரு ஒழுங்கு வரும்" என்றார் சார். குறிக்கிறேன். அவருக்குக் காட்டுகிற மாதிரி எதையும் எழுதப் போவதில்லை.

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. வீடு முழுக்க ஊசின சாம்பார் நாற்றம். பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்கிறான்.

டிசம்பர் 11, வியாழன்

பிளம்பர் வரவில்லை.

மத்தியானம் கேன்டீனில் கிருபாகரன் எதிரே வந்து உட்கார்ந்தான். என் டீமில் இருக்கிற பையன், கோபிச்செட்டிபாளையத்துக்காரன், கல்யாணமாகி ஆறு மாசம் ஆகிறது. வேலையில் மக்கு இல்லை, ஆனால் எல்லாவற்றையும் யாராவது சரி என்று சொன்னால்தான் செய்வான். என் பையில் இருந்த புத்தகங்களைப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு.

"எதுக்குங்க்கா இத்தனை பொஸ்தகம்? டம்ப்ஸ் இருக்குதுங்களே."

முன்னால் எழுதியவர்கள் ஞாபகம் வைத்து வந்து சொன்ன கேள்விகளையெல்லாம் எவனோ சேர்த்து, விடையும் போட்டு, பைலாக்கிச் சுற்றில் விட்டிருக்கிறான். அதற்குத்தான் டம்ப்ஸ் என்று பெயர். புரிந்துகொள்ள வேண்டாம், மனப்பாடம் பண்ணினால் போதும். நம் ஆபீசில் இதற்கு ஒரு வாட்ஸப் குரூப்பே இருக்கிறதாம். 'ஆர்க்கிடெக்ட் சொந்தங்கள்' என்று பெயர். அதில் ஒரு கட்டுப்பாடு. எழுதிவிட்டு வெளியே வருகிறவன், வாய் கொப்பளிப்பதற்கு முன்னால், என்ன கேட்டார்கள் என்று அடுத்து உள்ளே போகிறவனுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவனைக் குரூப்பை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

"அது ஒரு மொறைங்க்கா. நமக்கு ஒருத்தன் சொன்னான், நாம அடுத்தவனுக்குச் சொல்லோணுமில்லீங்களா?"

"ஒருத்தன் எடுத்த வாந்திய அடுத்தவன் திங்கறது, அதுக்குப் பேரு மொறையா?" என்றேன்.

அவன் தட்டில் தயிர்சாதம் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். "சாப்புடறப்போ ஏனுங்க்கா..." என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

டிசம்பர் 16, செவ்வாய்

மகள் தாரிகா பன்னிரண்டாவது. நாளைக்கு அரையாண்டு இயற்பியல். அவள் போனில் கேள்வித்தாள் வந்து உட்கார்ந்திருக்கிறது, முழுசாக, பள்ளிக்கூடத்து முத்திரையோடு. யாரோ அச்சகத்தில் இருந்து போட்டோ எடுத்து அனுப்பினதாம். "எல்லாரும் பாத்தாச்சும்மா" என்கிறாள்.

கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். போனைப் பிடுங்கி நானே அழித்தேன். "ஏன்டி, இப்படி ஒரு மார்க் வாங்கி அத எங்க கொண்டுபோய் வெக்கறது? சீ, கருமம்!" என்றேன். என் வீட்டுக்காரர் நடுவில் வந்து, "விடு கோகிலா, சின்னப் புள்ள" என்று ஆரம்பித்தார். அவருக்கும் இரண்டு கிடைத்தது.

அழுதுகொண்டே உட்கார்ந்து படித்தாள். நல்லதுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

முதல் தேர்வு. காந்திபுரத்தில் ஒரு மாடியில் சென்டர். கீழே செருப்புக்கடை, மேலே இது. நுழைகிற இடத்தில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாலிக்கொடியை எடுத்துக் காட்டச் சொன்னபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை சோதனையும் செய்துவிட்டு உள்ளே விடுகிறான், உள்ளே இருக்கிறவன் அத்தனை பேரும் விடைகளை மண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஏசியில் பழைய சாக்ஸ் வாடை.

74. எழுபது எடுத்தால் போதும். தேறிவிட்டேன், என் சொந்த மூளையில்.

ஆபீசில் மற்றவர்களுக்கெல்லாம் 96, 98. "எழுவத்தி நாலுங்களா? பழைய டம்ப்ஸ் படிச்சிட்டீங்களாட்ட இருக்குது" என்று ஒருத்தன் அனுதாபப்படுகிறான். அவனை அங்கேயே ஓங்கி அறையலாம் போலிருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

68. பெயில்.

ஜனவரி 21, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை. இரண்டாவது தேர்வு. படித்ததில் குறை இல்லை. ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு விடை, அதில் இரண்டு சரி மாதிரியே இருக்கும். நான் யோசித்தேன். யோசித்தால் நேரம் போகிறது. பக்கத்து மேஜையில் இருந்தவன் யோசிக்கவே இல்லை, பட்டாணி உரிக்கிற மாதிரி டக் டக்கென்று அழுத்திவிட்டு அரை மணியில் எழுந்து போனான்.

ஜெகதீசன் சார் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் கோகிலா. அதுவும் போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல. கிருபாவத்தான் லீடாப் போடோணும்."

கிருபாவை. எழுதின கோடைச் சேர்ப்பதற்குக்கூட 'கமிட் பண்ணட்டுங்களாக்கா' என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை என்னிடம் வந்து நிற்கிறவனை. நான் கட்டின சிஸ்டத்துக்கு அவன் தலைவன், நான் வேறெங்கேயாவது ஓரமாகப் போய் உட்கார வேண்டும்.

வெளியே வந்தால் அவனே நிற்கிறான். "சார் சொன்னாருங்க்கா. நானுங்களா? உங்க எடத்துலயா? தப்புங்க்கா அது. நீங்க பாஸாயிருவீங்க பாருங்க" என்கிறான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குத்தான் எரிந்தது.

ஜனவரி 23, வெள்ளி

தாரிகாவுக்கு இயற்பியலில் 51. வகுப்பில் எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்ல கொஞ்சம் கவனிங்க மேடம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தாரிகா வண்டியில் வரும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

தொட்டி மறுபடி அடைத்துக்கொண்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கிருபா இரண்டாவது தேர்வின் டம்ப்ஸ் பைலை எனக்கும் அனுப்பியிருந்தான். அழிக்கத்தான் திறந்தேன். திறந்ததுதான் திறந்தோம், எத்தனை தப்பு இருக்கிறது என்று பார்ப்போம் என்று பார்த்தேன். எதிரி எப்படி இருக்கிறான் என்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

நாற்பத்தொன்றாவது கேள்வியைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

கேள்வி இதுதான். ஒரு கடையில் இருந்து ஆர்டரைக் குடோனுக்கு அனுப்பியாகிவிட்டது. அதற்குள் நெட் போய்விட்டது, பதில் வரவில்லை. இப்போது என்ன செய்ய வேண்டும்? 'பி' என்ன சொல்கிறது: அதே ஆர்டர் எண்ணோடு மறுபடியும் அனுப்பு, முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தால் குடோன் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். 'சி' என்ன சொல்கிறது: புது எண் போட்டு, புது ஆர்டராக அனுப்பு. பைலில் 'சி' சரி என்று போட்டுப் பச்சை அடித்து வைத்திருக்கிறான் ஒரு மகானுபாவன்!

டீக்கடையில் ஒரு டீ சொல்கிறோம். மாஸ்டர் காதில் விழுந்ததா தெரியவில்லை. 'அண்ணா, அந்த டீதான்' என்று மறுபடி சொன்னால் ஒரு டீ வரும். 'அண்ணா, ஒரு டீ' என்று புதிதாகச் சொன்னால் இரண்டு டீ வந்து நிற்கும். இதற்கு ஆர்க்கிடெக்டாக வேண்டியதில்லை, டீ குடிக்கத் தெரிந்தால் போதும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் கரூரில் ஒரு கடையில் இன்சுலின் இரண்டு மடங்காக இறங்கிவிட்டது. பிரிட்ஜில் இடமில்லாமல் அந்த மனுஷர் ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கெஞ்சி வைத்திருந்தார். அதே சமயம் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து நான் மாற்றி எழுதினதுதான் இன்றைக்கு வரைக்கும் ஓடுகிறது.

இந்த 'சி'யை மனப்பாடம் பண்ணினவர்கள் எல்லாம் 98 வாங்கி ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிறார்கள். அப்படியென்றால் கேள்வித்தாள் போட்டவனும் மடையன், அவன் விடைக்குறிப்பிலும் 'சி'தான் இருக்கும். என்ன பிழைப்பு இது. த்தூ.

பிப்ரவரி 8, ஞாயிறு

தோசைமாவு அரைத்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது. மற்ற கேள்விகளில் தப்பு அதிகம் இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தாரிகா என் பின்னால் வந்து நின்று, "அது என்னம்மா பச்சப் பச்சயா?" என்றாள். ஆபீஸ் பைல் என்று சொல்லி மூடினேன்.

கிருபா லிப்ட் பக்கம் வழிமறித்தான். அவனுக்கும் 17-ஆம் தேதிதான் இரண்டாவது தேர்வு, எனக்கு முந்தின வேளை.

"அக்கா, நாப்பத்தொண்ணு எனக்கு என்னமோ இடிக்குதுங்க. புது நம்பர் போட்டா ரெண்டு தடவ போயிராதுங்களா? 'சி' சரிதானுங்களா?"

மக்கு இல்லை என்று சொன்னேன் அல்லவா. தானாகவே பாதி தூரம் வந்துவிட்டான்.

"பைல்ல என்ன போட்டிருக்கோ அதக் குறி கிருபா. யோசிச்சவங்கதான் பெயிலாயிட்டு உக்காந்திருக்கறோம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவனும் சிரித்தான். "அதுஞ் செரிதானுங்க்கா" என்று போய்விட்டான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

91. தேறிவிட்டேன். நாற்பத்தொன்றாவது கேள்வி அப்படியே வந்தது, எழுத்து மாறாமல். பார்த்ததும் சிரிப்பு வந்தது.

எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 18, புதன்

ஜெகதீசன் சார் கை கொடுத்தார். அவர் கை எப்போதும் ஈரமாக இருக்கும். கிருபாவுக்கு 95. குரூப்பில் என்னையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ஒரே பூங்கொத்து, ஒரே கைதட்டல். வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். நேர்காணல் தேதியை முதலில் அதில்தான் போடுகிறார்களாம்.

மார்ச் 5, வியாழன்

மூன்றாவதும் ஆயிற்று. 93.

தாரிகாவுக்குப் பொதுத்தேர்வு நடக்கிறது. அவளுக்குத் தயிர்சாதம், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

நேர்காணல். அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டல், மூன்றாம் மாடி. தரை விரிப்பு வழவழவென்று ஈரமாக இருந்தது, என்னத்தைத் தெளித்திருந்தார்களோ. கிருபா முதலில், அவனுக்கு அடுத்து நான்.

அவன் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. கூட ஒரு ஆள் வந்து லிப்ட் வரைக்கும் கொண்டுவிட்டான். என்னைத் தாண்டிப் போகும்போது கிருபா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி உட்கார்ந்தான்.

"நாப்பத்தொண்ணத்தானுங்க கேக்கறாங்க. 'சி' ஏன் குறிச்சேன்னு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. அது தப்பாமுங்க. என்னுது போச்சுங்க்கா. நீங்க பாத்துக்குங்க."

எழுந்து போய்விட்டான். வாழ்க்கை போகிற நேரத்திலும் அந்த மொறையை விடவில்லை அவன்.

நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே மூன்று பேர். கேட்டது முழுக்க ரெபெக்கா தம்பிராஜ் என்கிற அம்மாள். அறுபது வயது இருக்கும், மெல்லிய குரல். பதில் வராத ஆர்டரை என்ன செய்வீர்கள் என்றார். டீக்கடையைச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். கரூர் இன்சுலினைச் சொன்னேன். ஒருவர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து கேட்டார். பதினோரு வருஷத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் அந்த அம்மாள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இவ்வளவு தெளிவாச் சொல்றீங்க. பிப்ரவரி மாசம் இதே கேள்விக்கு 'சி' குறிச்சிருக்கீங்களே, ஏம்மா?"

"அவசரத்துல ஒரு வரி தள்ளி அழுத்திட்டேன் மேடம். வெளிய வந்ததும் தெரிஞ்சுது. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

கண்ணாடி முன்னால் சொன்னதைவிட நன்றாகவே வந்தது.

அவர் லேப்டாப்பை மூடினார். பிறகு, "அதானே" என்றார். "அந்தத் தப்பு விடைய நாங்கதாம்மா வெளிய சுத்தற அந்த டம்ப்ஸ் பைல்ல ஏத்திவிட்டோம். கேள்விக்கு மார்க்கே கெடையாது. குறிச்சவங்கள கூப்பிட்டு ஏன்னு கேப்போம். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது, அப்பவே தெரிஞ்சிடும் மனப்பாடம்னு. உங்களுக்குத்தான் முழுசாத் தெரியுதே."

ஆமாம், எனக்கு முழுசாகத் தெரியும். அன்றைக்கும் தெரியும். 'பி'யின் மேல் விரல் போனது, எடுத்து 'சி'யில் அழுத்தினேன். பிப்ரவரி 17 அன்று எழுதாமல் விட்டது அதைத்தான்.

மார்ச் 26, வியாழன்

தொட்டிக்குக் கீழே குழாயையே மாற்றிவிட்டான் பிளம்பர். நாற்றம் போகவில்லை என்று நான் சொல்கிறேன். வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லையாம்.

மார்ச் 30, திங்கள்

முடிவு வந்தது. ஆர்க்கிடெக்ட் கோகிலவாணி. தாரிகா அந்தச் சர்டிபிகேட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். 'என் அம்மா டம்ப்ஸ் பார்க்காமல் தேறினவர்' என்று எழுதியிருக்கிறாள். "ஒனக்கு டம்ப்ஸ்னா என்னன்னு யாருடி சொன்னது?" என்றேன். "நீதானேம்மா டிசம்பர்ல அப்பாகிட்ட மணிக்கணக்காத் திட்டிட்டு இருந்த" என்கிறாள். எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

கிருபாவுக்கு இரண்டு வருஷம் தடை. புராஜெக்டில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். அவனுடைய மேஜையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தான். தெரியாமல் குறித்தவன் வெளியே போகிறான். தெரிந்தே குறித்தவள் லீட். எனக்கு என்மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது, நிஜமாகவே பாத்ரூமுக்குப் போய் நின்றேன். ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தால் என் இடத்தில் அவன் நிற்கிறான், கையில் மைசூர்பா டப்பாவோடு.

"வாழ்த்துக்கள்ங்க்கா. எனக்குத் தெரியுமுங்க, நீங்கதான் வருவீங்கன்னு. பொஸ்தகம் படிச்சவங்களாச்சே."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு லிப்ட்கிட்டக் கேட்டேன் பாருங்க, நீங்க சும்மா வெளையாட்டுக்குச் சொன்னீங்க. எனக்குத்தானுங்க அது புரியாமப் போச்சு. மடையன் நானு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஜெகதீசன் சார் அந்தப் பக்கம் போனார். வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமா கிருபா. வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். டப்பாவைத் திறந்து நீட்டினான். நெய் மணந்தது. ஒன்றை எடுத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுசாகத் தின்றேன்.

நன்றாகத்தான் இருந்தது.